மொட்டை மாடியைத் தாண்டும் குழாய்கள்: தளம் போடும் முன் முடிவு செய்ய வேண்டியவை

வடசென்னையில் அரை கிரவுண்டிலோ அதற்கும் குறைந்த மனையிலோ முதன்முறையாக வீடு கட்டுகிறவர்கள், வாசற்படி எந்தத் திசை, பூஜை அறை எந்த மூலை, சமையல் மேடை எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் மாதக்கணக்கில் பேசி முடிவெடுக்கிறார்கள். கழிவறையிலிருந்து மேலே போகும் காற்றுக் குழாய் மொட்டை மாடியை எந்த இடத்தில் தாண்டப் போகிறது என்ற கேள்வியை மட்டும் பிளம்பர் வரும் நாளுக்கு ஒத்திவைத்துவிடுகிறார்கள். பிளம்பர் வந்து சேரும்போது தளம் போட்டு, தண்ணீர் கட்டி, கான்கிரீட்டைத் தாங்கிய சென்ட்ரிங் பலகைகளையும் பிரித்திருக்கும். அதன் பிறகு அவருக்கு உளியும் சுத்தியலும் தவிர வேறு வழி இருக்காது.

தண்டையார்பேட்டையில் நாங்கள் வீடு கட்டியபோது அப்படித்தான் நடந்தது. தட்டோடு பதித்து முடிந்த மாடியில் சமையலறைக்கு மேலே ஒரு துளை உடைக்கப்பட்டது. அதில் குறுக்கே வந்த 2 கம்பிகளை அன்று வேலை பார்த்தவர் அறுத்தே எடுத்துவிட்டார். குழாயைச் சுற்றி சாதாரண சிமென்ட் கலவை பூசப்பட்டது. முதல் மழைக்காலத்தில் உட்கூரையில் உள்ளங்கை அளவு ஈரக்கறை தெரிந்தது. மூன்றாவது மழைக்காலத்தில் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட் சில்லு பெயர்ந்து அடுப்பங்கரையில் விழுந்தது. அப்போது அங்கே யாரும் நிற்கவில்லை என்பதை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். கடலுக்கு அருகில் உள்ள ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் உப்புக் காற்று இந்தத் துருவை இன்னும் விரைவுபடுத்தும் என்பதால், இந்த ஊரில் கூரைத் துளையைச் சிறிய வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

திட்டமிடும்போது ஒரு வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தளத்தைத் துளைக்காமலே குழாயை மேலே கொண்டுபோக முடியுமானால் அதுவே முதல் தேர்வு. முடியாதபோது, கம்பி கட்டும் நாளிலேயே குழாய்க்கான இடம் விடப்பட வேண்டும். காய்ந்த கான்கிரீட்டைத் துளைப்பது, வேறு எந்த வழியும் இல்லாதபோது மட்டும் செய்ய வேண்டிய வேலை.

மேலே போகிறவற்றை எண்ணுங்கள்

வரைபடத்தை மேசையில் விரித்து, மாடிக்குப் போகிற, மாடியிலிருந்து இறங்குகிற ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். கழிவறைக் கழிவுக் குழாயின் காற்று நீட்சி, குளியலறை மற்றும் சமையலறைக் கழிவுநீர்க் குழாயின் நீட்சி, மழைநீர்க் குழாய்கள், மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும் மோட்டார் குழாய், தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்கள், சோலார் வாட்டர் ஹீட்டர் பிற்காலத்தில் வைப்பதானால் அதன் வெந்நீர்க் குழாய், சோலார் மின்தகடுகளின் வயர், ஏ.சி.யின் செம்புக் குழாய், டிவி மற்றும் இணைய கேபிள் என்று சாதாரணமான ஒரு வீட்டிலேயே பத்துக்கு மேல் சேர்ந்துவிடும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தளத்தில் துளையே தேவையில்லை. வயர்களையும் செம்புக் குழாய்களையும் மாடிப்படி அறையின் பக்கச் சுவர் வழியாக, மாடித் தரைக்கு ஓரடியாவது மேலே, வெளிப்புறம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி சரிவான ஒரு குழாய்த்துண்டு பதித்து வெளியே எடுக்கலாம். சுவரில் உள்ள துளைக்கு மேல் மழைநீர் தேங்குவதில்லை. மேல்நிலைத் தொட்டி படி அறைக் கூரையின்மேல் இருக்குமானால், அதன் குழாய்கள் வெளிச்சுவரை ஒட்டியே இறங்கிவிடும்.

எஞ்சுவது பெரும்பாலும் கழிவுக் குழாய்களின் காற்று நீட்சிதான். அதைத் தவிர்க்கவே முடியாது என்பதால் அதன் வேலை என்ன என்பதை வீட்டுக்காரர் புரிந்துகொள்ள வேண்டும்.

காற்றுக் குழாய் எதற்காக

குளியலறைத் தரைத் துளைக்கு அடியில் நீர் தேங்கும் வளைவான நானி டிராப்பிலும், கழிவறைக் கோப்பையின் வளைவிலும் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். 50 மி.மீ. ஆழமுள்ள அந்தத் தண்ணீர்தான், சாக்கடையில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் வீட்டுக்குள் வராமல் தடுக்கிற கதவு. மேல் மாடியில் ஒருவர் ஃபிளஷ் செய்யும்போது, குழாய் நிறைய இறங்கும் நீர் தனக்குப் பின்னால் காற்றை இழுக்கிறது. மேலே குழாய் திறந்திருந்தால் அந்தக் காற்று வானத்திலிருந்து வரும். மூடியிருந்தால், அருகிலுள்ள டிராப்பின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உங்கள் குளியலறையிலிருந்து வரும். களக் களக் என்று தரைத் துளை சத்தமிடுவது அதனால்தான். சத்தம் வந்த சற்று நேரத்தில் நாற்றமும் வரும். வீட்டார் பினாயிலை ஊற்றி ஊற்றிச் சலித்துப்போவார்கள்.

இங்கே பெரும்பாலான வீடுகளில் இரண்டு தனித்தனி நிலைக்குழாய்கள் போடுகிறார்கள். குளியலறை, சமையலறைத் தண்ணீர் ஒரு குழாயில் இறங்கி, தரைமட்டத்தில் நீர் தேங்கி நிற்கும் கல்லி டிராப்பில் விழுந்து, அதன் பிறகே சாக்கடையோடு சேரும் தொட்டியான சேம்பருக்குப் போகும். அதனால் சாக்கடை வாயு அந்தக் குழாயில் ஏறுவது தடுக்கப்படுகிறது. கழிவறைக் குழாயோ நேராகச் சேம்பருக்குள் போகிறது. எனவே அதன் மேல்முனை எக்காரணம் கொண்டும் அடைபடக் கூடாது. கீழே 110 மி.மீ. என்றால் மாடியைத் தாண்டும் வரை அதே 110 மி.மீ. அளவிலேயே போக வேண்டும். செலவைக் குறைக்க நடுவில் 63 மி.மீ. குழாய்க்கு மாற்றும் பழக்கத்தை அனுமதிக்காதீர்கள். குழாய் வாங்கும்போது அதன்மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: ஐ.எஸ். 13592 என்ற இந்தியத் தரத்தில் ஏ வகை, காற்றோட்டத்துக்கும் மழைநீருக்கும். பி வகை, மலக்கழிவுக்கும் கழிவுநீருக்கும். 110 மி.மீ. குழாயில் ஏ வகையின் சுவர் 2.2 மி.மீ., பி வகையின் சுவர் 3.2 மி.மீ. கழிவு இறங்கும் நீளம் முழுவதும் பி வகையாகவே இருக்கட்டும்.

மணலி, மாதவரம், திருவொற்றியூர், கத்திவாக்கம் முதலிய பகுதிகள் 2011-இல்தான் மாநகராட்சியோடு இணைந்தன. பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைக்கும்வரை செப்டிக் டேங்க் வைத்துத்தான் வீடு கட்ட வேண்டியிருந்தால், அந்தத் தொட்டிக்கும் தனியாக ஒரு காற்றுக் குழாய் வேண்டும். தொட்டி வீட்டிலிருந்து 15 மீட்டருக்குள் இருந்தால், அந்தக் குழாயைக் கட்டடத்தின் உச்சிக்கு மேல் 2 மீட்டர் வரை உயர்த்த வேண்டும் என்பது இந்தியத் தர விதி. நம்முடைய மனைகளில் 15 மீட்டர் இடைவெளிக்கு வாய்ப்பே இல்லை என்பதால், இந்தக் குழாயையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

இடம் குறித்தல்

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், கொருக்குப்பேட்டை போன்ற பழைய பகுதிகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கின்றன. பக்கவாட்டில் இடமே இல்லாதபோது, வீட்டின் நடுவிலோ பின்புறத்திலோ வானம் பார்த்த சிறு முற்றம் ஒன்றை விடுகிறார்கள். பொறியாளர்கள் அதை ஓ.டி.எஸ். என்பார்கள். எல்லாக் கழிவறைகளும் குளியலறைகளும் சமையலறையும் இந்த முற்றத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி அமைத்துவிட்டால், அத்தனை குழாய்களும் முற்றத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டே மேலே போய்விடும். தளத்தில் ஒரு துளைகூட விழாது. பழுது பார்க்க ஒருவர் உள்ளே நிற்க முடிகிற அளவுக்கு, அதாவது அகலம் மூன்றடிக்குக் குறையாமல், அந்த முற்றம் இருக்க வேண்டும். ஓரடி இடைவெளி விட்டு அதற்கு டக்ட் என்று பெயர் வைத்தால், பத்து ஆண்டுக்குப் பிறகு உடைந்த ஒரு கப்பிளரை (குழாய் இணைப்பை) மாற்றச் சுவரையே இடிக்க வேண்டியிருக்கும்.

குழாயின் உயரத்தில் யாரும் சமரசம் செய்துகொள்ளக் கூடாது. ஆட்கள் புழங்குகிற தட்டை மாடியில் காற்றுக் குழாய் தரையிலிருந்து குறைந்தது 2 மீட்டர் உயரம் போக வேண்டும். கிடைமட்டமாக 3 மீட்டருக்குள் ஏதாவது ஜன்னல் இருந்தால், அதன் மேல்விளிம்புக்கு மேலே 2 மீட்டர் வரை உயர்த்த வேண்டும். கைப்பிடிச் சுவரோடு குழாயை வெட்டிவிட்டு மேலே ஒரு கவுலை (துளையுள்ள மூடியை) செருகிப் போகிற வேலையை வடசென்னை முழுக்கப் பார்க்கிறேன். வத்தல் காயவைக்கிற, துணி உலர்த்துகிற, சித்திரை வெயிலில் மின்சாரம் போன இரவுகளில் பாய் விரித்துப் படுக்கிற மாடி அது. மூக்கு மட்டத்தில் சாக்கடை வாயுவைத் திறந்துவிடுவது நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நாமே செய்கிற கெடுதல். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வருவதால், மாடியில் ஆட்கள் உட்காரும் பகுதிக்கு மேற்கே குழாயை நிறுத்துவது நல்லது. ஆனால் பொதுச் சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் நாளை இன்னொரு மாடி எழுப்பினால், அவருடைய படுக்கையறை ஜன்னல் உங்கள் கவுலுக்கு எதிரே வந்து நிற்கும்; பிறகு இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது.

இன்று தரைத்தளம் மட்டும் கட்டி, கையில் பணம் சேர்ந்த பிறகு முதல் மாடி எழுப்ப நினைக்கிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இன்றைய கூரை நாளைய தரை. இன்று வசதியாக இருக்கிறதென்று கூடத்துக்கு மேலே குழாயை விட்டால், நாளை அது மேல் வீட்டுக் கூடத்தின் நடுவே தூணாக நிற்கும். எனவே இப்போது கட்டாத மாடியின் கழிவறையையும் இப்போதே தாளில் வரைந்து, கீழ்க் கழிவறைக்கு நேர் மேலே வைத்து, அந்தக் கோட்டிலேயே குழாயை ஏற்றுங்கள்.

மழைநீர்க் குழாயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதைக் கழிவுக் குழாயோடு எந்த இடத்திலும் இணைக்கக் கூடாது. இணைத்தால் வெயில் நாளில் மழைநீர்த் துளை வழியாக நாற்றம் வரும். ஐப்பசி மழையில் தெருச் சாக்கடை நிரம்பி, தாழ்வான வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கங்களில் தண்ணீர் வீட்டுச் சேம்பருக்கே திரும்பும். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழாய் போக வேண்டிய இடம் உறைகிணறு. மாடி எவ்வளவு சிறியதாயினும் இரண்டு வடிகால் துளைகள் வையுங்கள். ஒன்றைப் பிளாஸ்டிக் பை அடைத்தால் மற்றொன்று வேலை செய்யும்.

கம்பி கட்டும் நாளும் கான்கிரீட் நாளும்

தளத்தைத் துளைத்தே ஆக வேண்டிய குழாய்க்கு, அது நுழைந்து போகச் சற்றுப் பெரிய குழாய்த்துண்டாகிய ஸ்லீவ் வைக்க வேண்டும். 110 மி.மீ. குழாய்க்கு 160 மி.மீ. குழாய்த்துண்டு பொருந்தும், சுற்றிலும் ஏறத்தாழ 20 மி.மீ. இடைவெளி கிடைக்கும். தளத்தின் கனம், அதற்கு மேல் வரப்போகும் சரிவுத் தளம், தட்டோடு எல்லாவற்றையும் கூட்டி, முடிந்த மாடித் தரைக்கு மேல் 150 மி.மீ. நிற்கும்படி துண்டின் நீளத்தை வெட்டுங்கள். கான்கிரீட் பிளாஸ்டிக்கை எளிதில் பற்றாது என்பதால், ஸ்லீவின் வெளிப்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, பி.வி.சி. ஒட்டும் பசையான சால்வென்ட் சிமென்ட் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த மணலைத் தூவிக் காயவிடுங்கள். பத்து நிமிட வேலை. நீர் கசியும் பாதையை அது பெருமளவு அடைத்துவிடும்.

தளக் கம்பிகள் பெரும்பாலும் 6 அங்குல இடைவெளியில் வருவதால் 160 மி.மீ. துண்டு நேரடியாக நுழையாது. கம்பியைச் சற்றுத் தள்ளிக் கட்டலாமா, இல்லை வெட்டிவிட்டு இருபுறமும் அதே கனத்தில் கூடுதல் கம்பி வைக்க வேண்டுமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். மேஸ்திரியும் பிளம்பரும் தங்களுக்குள் பேசி முடித்துவிடக் கூடாது. பீமுக்குள் குழாய் போகவே கூடாது. தூணை ஒட்டியும் வேண்டாம். நான்கைந்து குழாய்களை ஒரே வரிசையில் நெருக்கி வைத்தால், அந்தக் கோட்டில் தளம் பலமிழக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவே கான்கிரீட் நன்றாக இறங்க இடம் விடுங்கள்.

ஸ்லீவைப் பலகையில் ஆணியடித்துக் கம்பியோடு கட்டி, வாயைச் சிமென்ட் சாக்கு அடைத்து மூடுங்கள். பிறகு கான்கிரீட் போடும் நாளில் நீங்களோ நீங்கள் நம்புகிற ஒருவரோ மேலே நிற்க வேண்டும். பம்புக் குழாயை இழுக்கும்போதும் வைப்ரேட்டர் தட்டும்போதும் ஸ்லீவ் சாய்ந்துவிடும். ஈரமாக இருக்கிற நேரத்தில் அதை நிமிர்த்த ஒரு நிமிடம் போதும். அன்று மாலைக்குப் பிறகு அதை நிமிர்த்த யாராலும் முடியாது.

குழாய்க்கும் ஸ்லீவுக்கும் நடுவே

பிளம்பர் குழாயை ஏற்றியதும் அந்த 20 மி.மீ. இடைவெளியைச் சாதாரணக் கலவையால் நிரப்பச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். பி.வி.சி. வெப்பத்தில் மீட்டருக்கு, ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.07 மி.மீ. நீளும், 10 மீட்டர் நிலைக்குழாய் 30 பாகை சூடேறினால் 21 மி.மீ. வளரும். கான்கிரீட் அப்படி வளராது. எனவே குழாயை இறுக்கிப் பிடித்த கலவை முதல் கோடையிலேயே மயிரிழை அளவு விரிந்து, முதல் மழையில் நீருக்கு வழிவிடும். இடைவெளியின் அடிப்பகுதியில் நுரைக் கயிறு திணித்து, மேலே நெகிழும் தன்மையுள்ள பாலியூரிதேன் சீலன்ட் நிரப்புங்கள். ஸ்லீவின் வாய்க்கு மேலே, குழாயில் குடைபோல ஒரு வளையத்தை மாட்டி, அதன் மேல்விளிம்பையும் அடைத்தால் மழை நேராக உள்ளே விழாது.

ஸ்லீவ் தளத்தைச் சந்திக்கும் கோணத்தில் ஓரங்களைச் சரிவாகப் பூசி, வாட்டர் புரூஃபிங் பூச்சை நடுவில் நூல்வலை வைத்து இரண்டு தடவையாக, தரையிலும் ஸ்லீவின்மீதும் சேர்த்து ஏற்றுங்கள். மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் காலத்தில் சுண்ணாம்பையும் செங்கல் ஜல்லியையும் கடுக்காய், வெல்ல நீரோடு கலந்து நாள்கணக்கில் மெத்தித் தளம் போட்டார்கள்; அந்தப் பொறுமையோடு செய்ய வேண்டிய இடம் இந்த ஒரு சாண் வட்டம். சரிவு குழாயிலிருந்து விலகி, 100-க்கு 1 என்ற அளவிலாவது வடிகாலை நோக்கிப் போக வேண்டும்.

தட்டோடு பதிக்கும் முன்பு வடிகால் வாய்களை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீரை 48 மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். இரண்டு அங்குலத் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 கிலோ எடை. அதற்கு மேல் நிரப்ப வேண்டாம். கீழே ஏணி போட்டு ஒவ்வொரு ஸ்லீவின் அடியையும் கையால் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் விரலுக்குத் தெரியும்.

ரேடான் குழாய் வேண்டுமா?

ஒஹாயோவில் வீடு கட்டும் என் தம்பி மகள், "பெரியப்பா, இங்க ரேடான் குழாய்னு தனியா ஒண்ணு போடச் சொல்றாங்க, நம்ம ஊர்ல அது இல்லையே, அதை பாத்ரூம் குழாயோட சேத்துட்டா கூரையில ஒரு ஓட்டை மிச்சம்தானே?" என்று கேட்டாள். வெளிநாட்டு வரைபடங்களைப் பார்த்து இங்கே கட்டுகிறவர்களும் இதைக் கேட்பதுண்டு.

ரேடான், மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து உண்டாகும், நிறமும் மணமும் இல்லாத கதிரியக்க வாயு. குளிர்நாட்டு வீடுகள் அடைத்தே இருப்பவை. உள்ளே சூடான காற்று மேலே எழும்போது, அடித்தளத்தின் விரிசல்கள் வழியாக மண்ணிலுள்ள வாயு உள்ளே இழுபடும். 1984-இல் பென்சில்வேனியாவில், இன்னும் இயங்கத் தொடங்காத அணுமின் நிலையம் ஒன்றின் ஊழியர் கதிர்வீச்சுச் சோதனை மணியை அடிக்கவைத்தார். தேடியபோது கதிரியக்கம் அவருடைய வீட்டு ரேடானிலிருந்து வந்தது என்று தெரிந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, கதிரியக்கம் ஒரு லிட்டர் காற்றுக்கு 4 பிகோகியூரியை எட்டினாலே சரிசெய்யச் சொல்கிறது; வேறொரு அலகில் அது ஒரு கன மீட்டருக்கு 148 பெக்கரல். புகைபிடிப்பதற்கு அடுத்தபடியாக அங்கே நுரையீரல் புற்றுநோய்க்குப் பெரிய காரணம் இதுவே என்று அந்த முகமை கணக்கிட்டிருக்கிறது. அதனால் புது வீட்டுத் தரைக்கடியில் 4 அங்குலம் ஜல்லி பரப்பி, மேலே பாலித்தீன் விரித்து, அந்த ஜல்லியிலிருந்து குறைந்தது 3 அங்குலக் குழாய் ஒன்றைக் கூரைக்கு மேல் 12 அங்குலம் வரை தனியாகக் கொண்டுபோகிறார்கள். பிற்காலத்தில் விசிறி பொருத்தப் பரணில் மின்இணைப்பும் விட்டுவைக்கிறார்கள்.

அவளுக்கு நான் சொன்னது: எந்த நிலையிலும் அதைக் கழிவுக் காற்றுக் குழாயோடு சேர்க்காதே. ரேடான் குழாயில் விசிறி வைத்தால் அது சாக்கடை வாயுவை இழுத்து, டிராப் தண்ணீரையும் உறிஞ்சிவிடும். விசிறி நின்றால் சாக்கடை வாயு தரைக்கடி ஜல்லிக்குள் இறங்கி வீட்டுக்குள் வரும். ஒரு துளையை மிச்சம்பிடிக்க இரண்டு பாதுகாப்பை இழக்க வேண்டாம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் கூரையின் பின்சரிவில் நிறுத்தினால் தெருவிலிருந்து பார்க்கவும் உறுத்தாது. ஒவ்வொரு தளத்திலும் அந்தக் குழாயின்மேல் ரேடான் என்று எழுதி ஒட்டச் சொல். நாளை வருகிற பிளம்பர் அதைத் தவறுதலாகக் கழிவுநீருக்குப் பயன்படுத்திவிடக் கூடாது.

வடசென்னையில் ஜன்னல் திறந்து வாழ்கிற, அடித்தள அறை இல்லாத சாதாரண வீட்டுக்கு இப்படி ஒரு குழாய் போடும் வழக்கம் இல்லை. நானும் போடச் சொல்ல மாட்டேன். ஏ.சி. அறைகளைப் பகலில் சில மணி நேரமாவது திறந்துவையுங்கள். அந்தப் பணத்தை நல்ல சீலன்டுக்கும் நல்ல கிளாம்புக்கும் செலவிடுங்கள்.

நிறுத்திய குழாயைக் காப்பது

இரண்டு மீட்டர் உயரத்தில் தனியே நிற்கும் குழாய் புயலில் ஆடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது இங்கே தகரக் கூரைகளோடு காற்றுக் குழாய்களும் பறந்தன. படி அறைச் சுவரை ஒட்டியே குழாயை நிறுத்தி, இரண்டு இடங்களில் பிடித்துவிடுவது எளிது. முடியாவிட்டால் கைப்பிடிச் சுவரிலிருந்து தாங்கி கொடுங்கள். கிளாம்புகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதாரண இரும்பு காசிமேட்டுக் காற்றில் நெடுநாள் தாங்காது. வெயில் படும் பகுதிக்கு வெளிர்நிறப் பெயின்ட் அடித்தால் பி.வி.சி. நொறுங்குவது தள்ளிப்போகும். கவுலின் துளைகளுக்குக் கொசுவலை கட்டுங்கள்; செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் கொசு வெளியேறும் முக்கிய வழி அந்தக் குழாய்தான். வலையில் தூசி படிந்தால் காற்று நின்றுவிடும் என்பதால், ஆண்டுதோறும் ஆவணி முடிவதற்குள் அதை மாற்றி, அப்படியே ஒவ்வொரு குழாயின் அடிச் சீலன்டையும் நகத்தால் அழுத்திப் பார்த்து, கெட்டிப்பட்டு விரிந்திருந்தால் சுரண்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.